கடலில்லாத ஊரும் கப்பலில் வந்த எரிவாயுவும்

இந்த முறை கொஞ்சம் வறண்ட தலைப்பு. திரவ இயற்கை எரிவாயு, அதாவது எல்.என்.ஜி. இதைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கும் முனையங்கள் இந்தியா மாதிரி வளரும் நாடுகளில் எப்படி வந்தன, வந்தபின் என்ன ஆயின என்பதுதான் கதை. சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் கடலும் கிடையாது, துறைமுகமும் கிடையாது, நமக்கு எதற்கு இந்தக் கதை என்று கேட்கலாம். கொச்சியில் நாலாயிரம் கோடிக்கு மேல் செலவு செய்து கட்டிய ஒரு முனையம் பல வருஷம் ஏறக்குறையச் சும்மா கிடந்தது. அதற்கும் நம் பக்கத்து மஞ்சள் காட்டிலும் மரவள்ளிக் காட்டிலும் நடந்த ஒரு சண்டைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அதனால் இது நம்ம ஊர்க் கதையும்தான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நாமக்கல்லில் கேஸ் என்றால் எல்லோருக்கும் ஞாபகம் வருவது டேங்கர் லாரி. தென் மாநிலங்களின் எல்.பி.ஜி. டேங்கர் லாரி உரிமையாளர் சங்கத்துக்குத் தலைமையிடமே நாமக்கல்தான். 2025 மார்ச்சில் எண்ணெய் நிறுவனங்களின் புதிய ஒப்பந்த விதிகளை எதிர்த்து அவர்கள் வண்டிகளை நிறுத்தியபோது, தென்னிந்தியா முழுக்க சமையல் சிலிண்டர் தட்டுப்பாடு வந்துவிடுமோ என்ற பேச்சு கிளம்பியது. ஆனால் அந்த வண்டிகளில் போவது எல்.பி.ஜி. அது புரொபேன், பியூட்டேன் கலவை. சாதாரண வெப்பநிலையிலேயே அழுத்தம் கொடுத்தால் திரவமாகிவிடும். அதனால்தான் வீட்டுச் சிலிண்டருக்குள் அடங்குகிறது.

எல்.என்.ஜி. வேறு ஜாதி. அது மீத்தேன். மீத்தேனை எவ்வளவு அழுத்தினாலும் சாதாரண வெப்பநிலையில் திரவமாகாது. மைனஸ் 162 டிகிரி செல்சியஸுக்குக் குளிர வைக்க வேண்டும். அப்படிக் குளிர்ந்தால் அதன் கொள்ளளவு ஏறத்தாழ அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்கும். எரிவாயு கிடைக்கிற இடத்தில் அதைத் திரவமாக்கி, வெந்நீர்ப் பிளாஸ்க் மாதிரி அமைப்புள்ள கப்பலில் ஏற்றி, வேண்டுகிற ஊரில் இறக்கி, மறுபடி சூடாக்கி வாயுவாக்கிக் குழாயில் விடுவார்கள். இறக்குமதி முனையத்தின் வேலை இந்தக் கடைசிப் பாதி. கப்பல் வந்து நிற்க ஒரு துறை, நிக்கல் கலந்த எஃகில் உட்சுவரும் கான்கிரீட்டில் வெளிச்சுவருமாக பிரம்மாண்டத் தொட்டிகள், திரவத்தை வாயுவாக்கும் கருவிகள், அங்கிருந்து கிளம்பும் குழாய்.

அளவு புரிய ஒரு கணக்கு. 2004-ல் இந்தியாவுக்கு முதல் எல்.என்.ஜி. சரக்கைக் கொண்டுவந்த திஷா கப்பலின் கொள்ளளவு 1,38,000 கன மீட்டர். எடையில் சுமார் 62,000 டன். நம்ம ஊர் 18 டன் டேங்கர் லாரியில் இவ்வளவு எடையை ஏற்றினால் ஏறக்குறைய 3,400 லாரி வேண்டும். ஒரே ஒரு கப்பலுக்கு! அதனால் முனையத்திலிருந்து குழாய் போகாவிட்டால் முனையம் வெறும் பெரிய பிளாஸ்க். இந்த ஒரு வரியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரப்போகிற எல்லாமே இதைச் சுற்றித்தான்.

உலகக் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1959-ல் மீத்தேன் பயனீர் என்ற சிறிய கப்பல் அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து இங்கிலாந்தின் கான்வி தீவுக்கு முதல் சரக்கைக் கொண்டுபோனது. 1964-ல் அல்ஜீரியாவிலிருந்து இங்கிலாந்துக்கு முறையான வியாபாரம் ஆரம்பித்தது. 1969-ல் ஜப்பான், 1986-ல் தென்கொரியா, 1990-ல் தைவான் என்று ஆசியாவுக்குள் வந்தது. இவை தொழிலில் வளர்ந்த நாடுகள், என்ன விலை சொன்னாலும் வாங்கக்கூடியவை. வாங்குபவன் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம் கட்ட வேண்டும் என்ற இருபது, இருபத்தைந்து வருஷ ஒப்பந்தங்கள் அவர்களுக்காக உருவானவை. அதே ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு வியாபாரிகள் இந்தியாவுக்கு வந்தபோதுதான் சிக்கல் ஆரம்பித்தது.

இந்தியாவின் முதல் முயற்சி தபோல். மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டக் கடற்கரையில் அமெரிக்காவின் என்ரான் நிறுவனம் மின் நிலையமும் பக்கத்திலேயே எல்.என்.ஜி. முனையமும் கட்டத் திட்டமிட்டது. 1993-ல் மகாராஷ்டிர மின் வாரியத்துடன் ஒப்பந்தம். 1999-ல் முதல் கட்டம் நாஃப்தாவில் ஓடத் தொடங்கியது. மின்சார விலை தாங்க முடியாமல் 2001-ல் வாரியம் வாங்குவதை நிறுத்தியது. அதே வருஷம் டிசம்பரில் என்ரானே திவாலானது. முனையம் பாதிக் கட்டுமானத்தில் நின்றது. பிறகு அரசு நிறுவனங்கள் எடுத்து, 2013-ல்தான் கப்பல் வந்தது. அப்போதும் அலைதடுப்புச் சுவர் முடியாததால் இன்னும் பல வருஷங்களுக்கு மழைக்காலத்தில் அங்கே கப்பல் வர முடியவில்லை.

இரண்டாவது முயற்சி வெற்றி. 1998-ல் கெயில், ஓ.என்.ஜி.சி., இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம் ஆகிய நான்கு பொதுத்துறை நிறுவனங்கள் சேர்ந்து பெட்ரோநெட் எல்.என்.ஜி.யை உருவாக்கின. 1999-ல் கத்தாருடன் வருஷம் 75 லட்சம் டன்னுக்கு 25 வருஷ ஒப்பந்தம். அதில் 50 லட்சம் குஜராத்தின் தகேஜுக்கு, 25 லட்சம் கொச்சிக்கு. 2004 ஜனவரியில் திஷா தகேஜில் வந்து நின்றது. முதல் ஐந்து வருஷத்துக்கு ஒரு எம்.எம்.பி.டி.யு.வுக்கு 2.53 டாலர் என்று விலை கட்டப்பட்டிருந்தது (எம்.எம்.பி.டி.யு. என்பது எரிவாயுவை விற்க உபயோகிக்கும் வெப்ப அளவு). இன்றைக்கு நினைத்தால் கனவு மாதிரி இருக்கும்.

தகேஜ் ஏன் ஜெயித்தது? விலை மலிவு என்பது பாதிக் காரணம்தான். அங்கே குழாய் முன்பே இருந்தது. 1980-களிலேயே ஹஜீராவிலிருந்து விஜய்ப்பூர் வழியாக உத்தரப் பிரதேசத்தின் ஜகதீஷ்பூர் வரைக்கும் கெயில் நீண்ட குழாய் போட்டிருந்தது. அந்த வழியில் உரத் தொழிற்சாலைகளும் மின் நிலையங்களும் எரிவாயுவை எதிர்பார்த்தே கட்டப்பட்டவை. மும்பைக் கடல் வாயு அவர்களுக்குப் போதவில்லை. தகேஜ் போய் அந்தக் குழாயில் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். 50 லட்சம் டன்னில் ஆரம்பித்து, 2019-க்குள் 175 லட்சம் டன் திறனுக்கு விரிந்தது. வாங்குபவன் இருந்தான், குழாய் இருந்தது, முனையம் கடைசியாக வந்தது. என் கணக்கில் இந்த வரிசைதான் முக்கியம்.

கொச்சியில் இந்த வரிசை தலைகீழ்.

புதுவைப்பு என்ற இடத்தில் வருஷம் 50 லட்சம் டன் திறனில் முனையம் எழுந்தது. 2013 ஆகஸ்டில் கத்தாரிலிருந்து முதல் கப்பல் வந்தது. 2014 ஜனவரியில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் நாட்டுக்கு அர்ப்பணித்தார். எரிவாயுவை வெளியே கொண்டுபோக கெயில் போட வேண்டிய குழாயின் பெயர் கொச்சி - கூற்றநாடு - பெங்களூரு - மங்களூரு. பாலக்காடு பக்கம் கூற்றநாட்டில் அது இரண்டாகப் பிரியும். ஒன்று வடக்கே மங்களூருக்கு. இன்னொன்று வாளையாறு வழியாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி என்று ஏழு மாவட்டங்களைக் கடந்து பெங்களூரு. கேரளத்தில் சுமார் 500 கிலோமீட்டர், தமிழ்நாட்டில் 310, கர்நாடகத்தில் 60.

திட்டம் போட்டவர்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது அருமையான வழி. கோவையின் வார்ப்பட ஆலைகள், திருப்பூர் சாயப்பட்டறைகள், மேட்டூர் ரசாயனத் தொழில், சேலம் உருக்காலை, வெள்ளைக்கல் சூளைகள், ஜவ்வரிசி ஆலைகள் என்று கொங்கு முழுக்க வெப்பம் தேவைப்படுகிற தொழில்கள். விறகுக்கும் நிலக்கரிக்கும் ஃபர்னஸ் ஆயிலுக்கும் பதில் புகையில்லாத எரிபொருள். தப்பே இல்லாத யோசனைதான். ஆனால் வழி போட்டவர்கள் வரைபடத்தைப் பார்த்தார்களே ஒழிய அந்த வழியில் இருக்கிற தோட்டத்தைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இங்கே ஒரு சட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெட்ரோலியம் மற்றும் கனிமக் குழாய்களுக்கான 1962-ம் வருஷத்துச் சட்டம். இதன்படி அரசு உங்கள் நிலத்தை வாங்குவதில்லை. பட்டா உங்கள் பெயரில்தான் இருக்கும். நிலத்தில் குழாய் பதித்துக்கொள்ளும் உரிமையை மட்டும் எடுத்துக்கொள்ளும். இதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். கஷ்டம் நிபந்தனையில் இருக்கிறது. உரிமை எடுத்த பட்டையின் மேல் நீங்கள் வீடு கட்டக்கூடாது, கிணறு வெட்டக்கூடாது, தொட்டி கட்டக்கூடாது, மரம் வைக்கக்கூடாது. குழாயின் விட்டம் இரண்டடி. பட்டையின் அகலம் 20 மீட்டர். நஷ்ட ஈடு நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம். பயிருக்கும் வெட்டுகிற மரத்துக்கும் தனியாகத் தருவார்கள்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 310 கிலோமீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் என்றால் 620 ஹெக்டேர், ஏறக்குறைய 1,530 ஏக்கர். ஏழு மாவட்டத்துக்கு இது பெரிய பரப்பே இல்லை என்று யாராவது சொல்லக்கூடும். ஆனால் பட்டை எல்லோர் நிலத்திலும் கொஞ்சம் கொஞ்சம் போகாது. ஒருவர் தோட்டத்தை நடுவில் அறுத்துக்கொண்டு போகும், பக்கத்துத் தோட்டத்தைத் தொடாமலே விட்டுவிடும். 200 மீட்டர் நீளத்துக்கு ஒரு தோட்டத்தில் புகுந்தால் ஒரு ஏக்கர் போச்சு. இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு அது பாதி. அரசு வழிகாட்டி மதிப்பு ஏக்கருக்கு 4 லட்சம் என்று வைத்துக்கொண்டால் 10 சதவீதம் என்பது 40,000 ரூபாய். வெளியே அதே நிலம் பல மடங்குக்கு விலை பேசப்படும், குழாய் புகுந்த நிலம் என்று தெரிந்ததும் வாங்க வந்தவர் திரும்பிப் போவார். வங்கியில் அடமானம் வைக்கப் போனாலும் கேள்வி வரும்.

கிணறு வெட்டக்கூடாது என்ற நிபந்தனையை மட்டும் தனியாக யோசித்துப் பாருங்கள். காவிரியை ஒட்டிய வாய்க்கால் பாசனப் பகுதியை விட்டால் சேலம், நாமக்கல் சமவெளியில் வெள்ளாமை என்பதே கிணற்றையும் போரையும் நம்பித்தான். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா பூராவும் போய்ப் போர் போடுகின்றன. அந்த ஊரைச் சுற்றியுள்ள விவசாயியிடம் போய், இந்த இருபது மீட்டரில் நீ தண்ணிக்குத் தோண்டக்கூடாது என்று சொன்னால் எப்படி இருக்கும்? தென்னையும் பாக்கும் வைத்தவருக்கு மரத்தடை இன்னும் பெரிய அடி. மஞ்சளோ மரவள்ளியோ போட்டுக்கொள்ளலாமே என்பார்கள். போடலாம். நாளைக்கு மகன் தென்னை வைக்க ஆசைப்பட்டால் முடியாது, வீடு கட்ட ஆசைப்பட்டால் முடியாது. சட்டம் எழுதிய 1962-ல் பெரிய நிலப்பரப்புகளில் எண்ணெய்க் குழாய் போடுவதை மனதில் வைத்திருப்பார்கள் போலிருக்கிறது. கொங்கு நாட்டின் துண்டு துண்டான தோட்டங்களுக்கு அது பொருந்தவில்லை.

2013 தொடக்கத்தில் இயந்திரங்கள் தோட்டங்களில் இறங்கின. ஏழு மாவட்டங்களிலும் எதிர்ப்பு கிளம்பியது. விவசாயிகள் கேட்டது திட்டத்தையே கைவிட வேண்டும் என்று அல்ல. தேசிய நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோங்கள் என்றுதான் கேட்டார்கள். இது எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் பின்னால் பலர் இதை வளர்ச்சிக்கு எதிரான போராட்டம் என்று எழுதினார்கள். உயர் நீதிமன்றம் விவசாயிகளின் கருத்தைக் கேட்கும்படி மாநில அரசுக்குச் சொல்லி, மார்ச் மாதம் கோவையில் கருத்துக் கேட்பு நடந்தது. 2013 மார்ச் 25 அன்று முதல்வர் ஜெயலலிதா சட்டமன்றத்தில் அறிவித்தார்: விவசாய நிலத்தில் வேலையை நிறுத்த வேண்டும், பதித்த குழாயை எடுத்துப் பள்ளத்தை மூட வேண்டும், நெடுஞ்சாலை ஓரமாக மாற்று வழி பார்க்க வேண்டும்.

கெயில் நீதிமன்றம் போனது. அவர்களுடைய வாதத்தையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். நெடுஞ்சாலை ஓரத்தில்தான் வீடும் கடையும் பள்ளிக்கூடமும் நெருக்கமாக இருக்கின்றன. உயர் அழுத்தக் குழாயை அங்கே கொண்டுபோவது வயலில் போவதைவிட ஆபத்து. சாலையை நாளைக்கு அகலப்படுத்தினால் குழாய் மேல் வண்டி ஓடும். நெடுஞ்சாலை ஆணையமும் தன் நிலத்தில் நீளவாக்கில் இப்படிப்பட்ட குழாயை எளிதில் விடாது. சங்ககிரி, சேலம், தொப்பூர் வழியாக அந்தச் சாலையில் பஸ்ஸில் போனவர்களுக்கு இந்த வாதத்தில் கொஞ்சம் உண்மை இருப்பது தெரியும். ஆனால் கேள்வி அதுவல்ல. ஆபத்து என்று நெடுஞ்சாலையில் வேண்டாம் என்கிற பொருளை, அதே ஆபத்தோடு தோட்டத்துக்காரர் தலையில் 10 சதவீத விலைக்குக் கட்டலாமா என்பதுதான்.

2013 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் மாநில அரசின் உத்தரவை ரத்து செய்தது. குழாய் போடுவது மத்தியச் சட்டத்தின் கீழ் வருகிறது, அதை நிறுத்தச் சொல்ல மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை என்பது சாரம். மாநில அரசும் விவசாயிகளும் உச்ச நீதிமன்றம் போனார்கள். அங்கே வழக்கு நிலுவையில் இருந்தபோதே 2014 ஜூன் 27 அதிகாலையில் ஆந்திராவின் கிழக்கு கோதாவரி மாவட்டம் நகரம் என்ற கிராமத்தில் கெயில் குழாய் கசிந்து வெடித்தது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் எரிந்து செத்தார்கள். பெரும்பாலானோர் குழாயை ஒட்டிய வீடுகளில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள். அதற்குப் பிறகு இங்கே நஷ்ட ஈட்டைப் பற்றிய பேச்சு உயிரைப் பற்றிய பேச்சாகிவிட்டது. யாராலும் சமாதானம் சொல்ல முடியவில்லை. 2016 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றமும் கெயில் பக்கமே தீர்ப்புச் சொன்னது. அது தேர்தல் வருஷம் வேறு. சட்டப்படி தடை போய்விட்டது, ஆனால் தோட்டத்துக்குள் இறங்குவது அவ்வளவு சுலபமாக இல்லை.

இதற்கிடையில் கொச்சி முனையம் என்ன செய்துகொண்டிருந்தது? ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆரம்ப வருஷங்களில் அதன் திறனில் பத்தில் ஒரு பங்குகூட ஓடவில்லை. கொச்சி நகரத்துக்குள் பாரத் பெட்ரோலியம் சுத்திகரிப்பு ஆலை, ஃபாக்ட் உரத் தொழிற்சாலை மாதிரி ஒரு சில வாடிக்கையாளர்கள் மட்டும். குழாய் இல்லாதது ஒரு காரணம் என்றால் விலை இன்னொரு காரணம். கொச்சிக்காக ஆஸ்திரேலியாவின் கார்கன் வயலிலிருந்து எரிவாயு வாங்க 2009-ல் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். கச்சா எண்ணெய் விலையில் 14.5 சதவீதம் என்று வாய்ப்பாடு. எண்ணெய் 100 டாலர் என்றால் எரிவாயு 14.50 டாலர். தகேஜின் 2.53 டாலரை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். அந்த விலைக்கு வாங்கி காயங்குளம் மின் நிலையத்தில் மின்சாரம் தயாரித்தால் அதை வாங்கக் கேரள மின்வாரியமே தயாராக இல்லை. 2015-ல் கத்தார் ஒப்பந்தத்தையும் 2017-ல் கார்கன் ஒப்பந்தத்தையும் பேசி விலையைக் குறைத்தார்கள்.

ஆகவே முனையம் முடங்கியதற்குத் தமிழ்நாட்டு விவசாயிகள்தான் காரணம் என்று எழுதுவது சரியல்ல. குழாய் 2013-லேயே முடிந்திருந்தாலும் அந்த விலைக்கு ஒரு ஜவ்வரிசி ஆலையோ வெள்ளைக்கல் சூளையோ எரிவாயு வாங்கியிருக்குமா என்பது சந்தேகம். இன்னொன்றையும் யாரும் பெரிதாகப் பேசவில்லை. தபோலிலிருந்து பெங்களூருக்கு கெயிலே போட்ட வேறொரு குழாய் 2013-ல் வேலைக்கு வந்துவிட்டது. அதாவது எந்தப் பெரிய ஊருக்காக நம் தோட்டங்களை அறுத்தார்களோ, அந்த ஊருக்கு வடக்கிலிருந்து எரிவாயு வந்து சேர்ந்துவிட்டது! வாளையாறு - கிருஷ்ணகிரி வழியின் அவசரம் அன்றைக்கே பாதி குறைந்திருக்க வேண்டும்.

கேரளத்திலும் எதிர்ப்பு இல்லாமலில்லை. 2017 நவம்பரில் கோழிக்கோடு மாவட்டம் முக்கம் பக்கம் போலீஸ் தடியடி வரை போனது. அதன்பின் அரசு நஷ்ட ஈட்டை உயர்த்தியது, 10 சென்டுக்கும் குறைவாக நிலம் வைத்திருந்தவர்களுக்குத் தனியாக 5 லட்சம் ரூபாய் தந்தது. பேசிப் பேசி வேலையை முடித்தார்கள். காசர்கோட்டில் சந்திரகிரி ஆற்றுக்கு அடியில் குழாய் செலுத்துவதுதான் கடைசி முடிச்சு. 450 கிலோமீட்டர் கொச்சி - மங்களூரு குழாயை 2021 ஜனவரி 5 அன்று பிரதமர் மோடி திறந்துவைத்தார். மங்களூரில் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் வாங்கத் தொடங்கின. அதற்குப் பிறகும் முனையம் திறனில் ஐந்தில் ஒரு பங்கைச் சுற்றியே ஓடியது. அதிலிருந்தே தெரிகிறது, பிரச்சினை குழாய் மட்டுமல்ல என்று.

தமிழ்நாட்டுப் பகுதி இழுத்துக்கொண்டே போனது. 2022 ஏப்ரலில் தருமபுரி மாவட்டம் பாலக்கோடு அருகே கரியப்பனஹள்ளியில் குழாய்க்கு எதிரான போராட்டத்தின்போது ஒரு விவசாயி தற்கொலை செய்துகொண்டார். உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் எல்லாம் தீர்ப்புச் சொல்லி ஆறு வருஷம் கழித்து நடந்த சாவு இது. அவரைப் போன்றவர்களிடம் யாராவது உட்கார்ந்து பேசியிருந்தால், அல்லது 10 சதவீதத்தை மாற்றச் சட்டத்தைத் திருத்தியிருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அதற்குள் தமிழ்நாட்டுக்கே சொந்தமாக ஒரு முனையம் வந்துவிட்டது. எண்ணூரில் எல்.என்.ஜி. முனையம் வேண்டும் என்பது 1990-களின் கடைசியிலேயே டிட்கோ பேசிய விஷயம். வெளிநாட்டு நிறுவனங்கள் சேர்ந்த கூட்டமைப்பு ஒன்று மின் நிலையத்தோடு கட்டுவதாக இருந்து நடக்காமல் போனது. கடைசியில் இந்தியன் ஆயில் 5,151 கோடி ரூபாயில் காமராஜர் துறைமுகத்தில் கட்டி, 2019 மார்ச்சில் திறந்தது. கிழக்குக் கடற்கரையின் முதல் முனையம். இதுவும் 50 லட்சம் டன். இதற்கும் அதே வியாதி. மணலி சுத்திகரிப்பு ஆலை வரை குழாய் தயாராக இருந்தது. மதுரை, தூத்துக்குடி, பெங்களூரு என்று 1,400 கிலோமீட்டருக்குப் போக வேண்டிய குழாய் துண்டு துண்டாகத்தான் வந்தது. ராமநாதபுரம் - தூத்துக்குடித் துண்டு 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. சேலம் மாவட்டத்தில் நகர எரிவாயு விநியோக உரிமையை 2018-ல் இந்தியன் ஆயில் பெற்றது.

பக்கத்து நாடுகளைப் பார்த்தால் இன்னொரு பாடம். நிலத்தில் முனையம் கட்ட வருஷக்கணக்கில் ஆகிறது என்று, கப்பலையே முனையமாக்கி நிறுத்தும் முறை 2000-களில் வந்தது. பாகிஸ்தான் 2015-ல் காசிம் துறைமுகத்திலும், வங்கதேசம் 2018-ல் மகேஷ்காளியிலும் அப்படித்தான் ஆரம்பித்தன. சீக்கிரம் வந்தது, செலவு குறைவு. ஆனால் 2020 கோடையில் இரண்டு டாலருக்கும் கீழே போன ஆசியச் சந்தை விலை, உக்ரைன் போருக்குப் பின் 2022 ஆகஸ்டில் 70 டாலரைத் தொட்டது. ஐரோப்பா கேட்ட விலை கொடுத்துக் கப்பல்களை இழுத்துக்கொண்டது. பாகிஸ்தான் பத்துக் கப்பலுக்கு டெண்டர் விட்டால் ஒருவர்கூட விலை சொல்லவில்லை. வங்கதேசம் சந்தையில் வாங்குவதையே நிறுத்திவிட்டு மின்வெட்டில் உட்கார்ந்தது. இலங்கையில் கதை இன்னும் விசித்திரம். கெரவலப்பிட்டியில் எல்.என்.ஜி.யை நம்பி மின் நிலையம் கட்டினார்கள். முனையத்துக்காக 2021-ல் ஒரு அமெரிக்க நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தம் எதிர்ப்பிலும் பொருளாதார நெருக்கடியிலும் காணாமல் போனது. நிலையம் தயாரானபோது எரிவாயு இல்லை, வேறு எண்ணெய் ஊற்றித்தான் ஓட்ட வேண்டியிருந்தது.

இவ்வளவுக்குப் பிறகு நாமக்கல்லுக்கு எல்.என்.ஜி. வந்தால் குழாயில்தான் வர வேண்டும் என்றில்லை. கொச்சியிலும் எண்ணூரிலும் லாரியில் ஏற்றும் வசதி உண்டு. இரட்டைச் சுவர் டேங்கரில் மைனஸ் 162 டிகிரித் திரவமாகவே ஏற்றி, குழாய் போகாத ஊரில் இறக்கி, அங்கே ஆவியாக்கி ஆலைக்கோ சி.என்.ஜி. பங்குக்கோ கொடுக்கலாம். நீண்ட தூர லாரிகளையே டீசலுக்குப் பதில் எல்.என்.ஜி.யில் ஓட்டும் திட்டத்துக்காக 2020 நவம்பரில் தங்க நாற்கரச் சாலைகளில் 50 நிலையங்களுக்கு அடிக்கல் நாட்டினார்கள். லாரித் தொழில் ஊர் என்பதால் நமக்கு இதில் ஆர்வம் இருக்க வேண்டும். ஆனால் வண்டி விலை அதிகம், அதைவிட முக்கியமாக வழியெல்லாம் பங்கு வேண்டும். டெல்லிக்கு லோடு ஏற்றிப் போகிற வண்டி பாதி வழியில் எரிபொருள் தேடி நிற்க முடியாது. முனையத்துக்கும் குழாய்க்கும் இருந்த அதே முட்டையா கோழியா பிரச்சினை.

முட்டை, கோழி என்றதும் இன்னொன்று. மீத்தேன் கத்தாரிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. நம் மாவட்டங்களில் பல ஜவ்வரிசி ஆலைகள் கழிவுநீரிலிருந்தே சாண எரிவாயு மாதிரி மீத்தேன் பிடித்து உபயோகிக்கின்றன. நாமக்கல் அருகே புதுச்சத்திரத்தில் அமைந்த ஆலையில், கழிவுகளிலிருந்து எடுத்துச் சுத்தப்படுத்தி அழுத்திய எரிவாயுவை 2020-ல் இந்தியன் ஆயில் தன் பங்குகளில் விற்க ஆரம்பித்தது. திட்டமிட்ட உற்பத்தி நாளொன்றுக்கு 15 டன். எண்ணூர் முனையம் முழுத் திறனில் ஓடினால் நாளொன்றுக்கு 13,700 டன். ஒப்பிடவே முடியாது, தெரியும். ஆனால் அந்த 15 டன்னுக்கு யார் தோட்டத்தையும் 20 மீட்டர் அகலத்துக்கு அறுக்கவில்லை. சிலிண்டர் அடுக்கை லாரியில் ஏற்றிச் சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் அனுப்பிவிடுகிறார்கள்.